காகிதத்தைச் சுட

முழங்கையை மடக்கும்படி துப்பாக்கிக் கடைக்காரர் வெய்ன் சைகை காட்டியதும் எழிலரசி வலது கையை மடக்கிக்கொண்டு நின்றாள். தையற்காரர்கள் வைத்திருப்பது போன்ற ஒரு நாடாவை எடுத்து, அவள்மேல் விரல் படாமல், முழங்கை மடிப்பிலிருந்து ஆள்காட்டி விரலின் முதல் கணு வரை அவர் அளந்தார். பன்னிரண்டரை அங்குலம். சுவரோரம் வரிசையாக நின்ற துப்பாக்கிகளின், தோளில் பதியும் கட்டைகளோ பதின்மூன்றரை. எல்லாம் ஆறடி ஆண்பிள்ளைகளுக்காகச் செய்தவை. வெய்ன் அதற்காக மன்னிப்புக் கேட்டார், தானே அவற்றைச் செய்தவர்போல.

"பாத்தியா, உனக்குப் பொருந்தலை. போலாமா?" என்றான் குமாரசாமி. சம்மணங்கால் போட்டுத் தரையில் உட்கார்ந்து புத்தகம் படித்துக்கொண்டிருந்த மகள் யாமினியை எழுப்பவும் குனிந்துவிட்டான்.

"செருப்பு பொருந்தலைன்னா வேற சைஸ் கேப்பமா, வெறுங்கால்ல வீட்டுக்கு வருவமாங்க?"

வெய்ன் சிரித்தார். தமிழ் அவருக்குப் புரியவில்லை. கணவன் மனைவி பேச்சு மட்டும் எந்த மொழியிலும் புரிந்துவிடும் போலிருக்கிறது.

ரிச்சர்ட்சன் என்ற இந்த ஊருக்கு வந்து மூன்று வருஷமாகிறது. குமாரசாமிக்கு டெலிகாம் கம்பெனியில் வேலை. அவனுடைய விசாவைச் சார்ந்த விசா எழிலரசிக்கு. அதில் அவள் வேலைக்குப் போகக் கூடாது. கிரீன் கார்டு வந்தால் போகலாம், படிக்கலாம், எதுவும் செய்யலாம். அது வரும்வரை தினமும் பதினோரு மணிக்கு அபார்ட்மென்ட் வாசலில் தபால்பெட்டிகளின் அருகே நிற்பதுதான் அவளுடைய வேலை. வக்கீல் அலுவலகத்துக் கடிதம் வராது. கூப்பன்களும், வேறு யாருடைய பெயரோ போட்ட விளம்பரங்களும் வரும். தபால் கொண்டுவரும் டெனீஸ், அவள் முகத்தைப் பார்த்து, "இன்றைக்கும் இல்லை, கண்ணே" என்று பெட்டிக் கதவைத் திறக்குமுன்பே சொல்லத் தொடங்கியிருந்தாள். ஒருநாள் டெனீஸின் வேனில் காகித இலக்கு ஒன்று சுருட்டிக் கிடந்தது. வட்டங்களைப் பார்த்ததும் எழிலரசிக்கு வாய் தானாகத் திறந்துகொண்டது. கோயம்புத்தூரில் கல்லூரி என்.சி.சி.யில் தானும் சுட்டதாகவும், மாவட்ட முகாமில் இரண்டாவதாக வந்ததாகவும் தட்டுத்தடுமாறிச் சொன்னாள். அந்த ஞாயிற்றுக்கிழமையே டெனீஸ் அவளைத் துப்பாக்கி சுடும் ரேஞ்சுக்குக் கூட்டிப்போனாள். எழிலரசி அன்று சுடவில்லை. அறுநூறு கஜத்துக்கு அப்பாலிருந்த பலகையை மூன்றுகால் தொலைநோக்கி வழியாகப் பார்த்துக்கொண்டு, காற்றில் கானல் எந்தப் பக்கம் ஓடுகிறதோ அதைச் சொன்னாள். இடதுபக்கம், டெனீஸ். இப்போது நின்றுவிட்டது, சுடு. அவள் சொன்னபடி நடந்தது. மூன்று வருஷத்தில் அவள் சொன்னபடி நடந்த முதல் காரியம் அதுதான்.

ஒரு மாதம் கேட்டுக் கேட்டு இன்று குமாரசாமியைக் கடைக்கு இழுத்துவந்திருந்தாள். தீபாவளிப் புடவையும் பொங்கல் புடவையும் வேண்டாம் என்றும் சொல்லியிருந்தாள்.

பெரிய தோட்டா வேண்டாம் என்றார் வெய்ன். புதிதாக வருகிறவர்கள் எட்டாத தூரத்துக்கெல்லாம் எட்டவேண்டும் என்று பெரியதாக வாங்கிவிடுகிறார்கள். தோளில் விழும் அடிக்குப் பயந்து, விசையை அழுத்துமுன் கண்ணை மூடப் பழகிவிடுகிறார்கள். அப்புறம் அந்தப் பழக்கம் போகவே போகாது. சின்னத் தோட்டா, கனத்த குழல், நல்ல விசை. ஆலையிலிருந்து வந்தபடியே இருக்கட்டும், ஒன்றையும் மாற்றவேண்டாம், கட்டையைத் தவிர. பின்னறைக்குப் போய், குள்ளமான ஆட்களுக்கென்று எப்போதோ வரவழைத்து விற்காமல் கிடந்த கட்டை ஒன்றைத் தூசி தட்டிக் கொண்டுவந்து, அப்படியொரு துப்பாக்கியின் இரண்டு திருகுகளைக் கழற்றி அங்கேயே மாட்டிக் கொடுத்தார். அவள் வாங்கிக் கன்னத்தோடு சேர்த்தாள். துப்பாக்கி கனமாக இருந்தது. அந்தக் கனம் அவளுக்குப் பிடித்திருந்தது. யாரோ நம்பிக் கையில் கொடுத்த குழந்தையைப்போல.

"இதாங்க" என்றாள்.

அதற்குப் பிறகுதான் படிவம் வந்தது. பெயர், பிறந்த ஊர், பிறகு ஒரு கேள்வி. வெய்ன் தலையைச் சொறிந்துகொண்டார். போன வருஷம் சட்டம் மாறிவிட்டதாம். விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்துக்கொள்ளக் கூடாதாம். ஒரேயொரு வழி உண்டு. வேட்டை உரிமம் இருந்தால் வாங்கலாம். அந்த உரிமத்தையும் இதே மேசையில் ஐந்து நிமிஷத்தில் கொடுத்துவிடுவார்.

"வேட்டையா?" குமாரசாமியின் குரல் எழும்பியது. "எழில், வேண்டாம். நம்ம வீட்ல முட்டைகூட ஒடைக்கமாட்டோம். எங்கம்மாவுக்குத் தெரிஞ்சா என்ன ஆவும்? அப்புறம், இது கவர்ன்மென்ட் ரெக்கார்டு. நாளைக்கு கிரீன் கார்டு இன்டர்வியூல, உங்க வொய்ஃப் எதுக்கு கன் வாங்குனாங்கன்னு கேட்டா நான் என்னத்தச் சொல்ல? லாயர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்."

"தும்முறதுக்கும் லாயர்கிட்டக் கேக்கறவருங்க நீங்க."

"உனக்காகத்தாண்டி கேக்கறேன். ஒரு பேப்பர் தப்பாப் போனா மூணு பேரும் மூட்டை கட்டணும்."

அவன் சொன்னதில் பொய்யில்லை. அவனும் அதே பயத்தில்தான் தினமும் எழுந்து வேலைக்குப் போகிறான். மேலாளர் கோபமாகப் பார்த்தால் இரண்டு நாள் சாப்பாடு இறங்காது. வேறு கம்பெனிக்காரர்கள் கூப்பிட்டும் போகவில்லை. போனால் கிரீன் கார்டு வரிசையின் கடைசிக்குப் போகவேண்டும். ஒரே கூண்டில் இருக்கும் இரண்டு பேர், சாவி எங்கே என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வதில் என்ன நியாயம்?

யாமினி புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கினாள். "அம்மா, டூ யூ ஹேவ் டு கில் எ டியர்?"

"இல்ல கண்ணு. அம்மா மானைச் சுடமாட்டேன், பேப்பரைத்தான் சுடுவேன்."

"தென் ஒய் டு யூ நீட் எ ஹண்டிங் லைசென்ஸ்?"



எழிலரசி சஷ்டி தவறாதவள். காகிதத்தைச் சுட, உயிரைக் கொல்வேன் என்று கையெழுத்துப் போடவேண்டும். நாக்கு பொய் சொன்னால் அலம்பிக்கொள்ளலாம், கை பொய் சொன்னால்? சுவரில் மாட்டியிருந்த மான்தலை கண்ணாடிக் கண்களால் அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. முருகா, வள்ளிக்காக நீயே வேடன் வேஷம் போட்டவன்தானே, இது வேஷமா பாவமா, நீயே சொல் என்று கேட்டாள். உரிமம் எப்படி இருக்கும், பார்க்கலாமா என்று வெய்னிடம் கேட்டாள்.

அவர் வேறொருவருக்கு எடுத்து ரத்தான ஒன்றைக் காட்டினார். அடியில் சின்னச் சின்னச் சீட்டுகள். மானுக்கு இத்தனை, வான்கோழிக்கு இத்தனை. கொன்றதும் கிழித்து அதன் உடலில் கட்டவேண்டுமாம்.

"என் பேர் போட்ட சீட்டை வேறு யாராவது உபயோகிக்கலாமா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

கூடாது என்றார் வெய்ன்.

"நான் கிழிக்காமலே வைத்துக்கொண்டால்?"

ஆகஸ்டு முடிந்ததும் செல்லாமல் போய்விடும்.

"அப்படியானால் இத்தனை மானும் பிழைத்துவிடும், இல்லையா?"

வெய்ன் நாற்பது வருஷமாக வேட்டைக்குப் போகிறவர். மான்களின் கணக்கு அப்படி வராது என்பது அவருக்குத் தெரியும். தொப்பியைக் கழற்றினார், திரும்ப வைத்துக்கொண்டார்.

"ஆமாம் அம்மா. பிழைத்துவிடும்."

குமாரசாமி எஞ்சினியர். அவனுக்கும் தெரிந்தது. ஏதோ சொல்ல வாயைத் திறந்து மனைவியின் முகத்தைப் பார்த்தான். மூடிக்கொண்டான். பிறகு சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றி, அவளிடம் நீட்டினான்.

"இன்டர்வியூல கேட்டா?" என்றாள்.

"கேட்டாச் சொல்லிக்கலாம். போடு."

உரிமம் அச்சாகி வந்தது. படிவத்தையும் நிரப்பினாள். அவளுக்கு விற்கலாமா என்று கேட்க வெய்ன் தொலைபேசியில் அரசாங்கத்தை அழைத்து அவள் பெயரை ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார். நிறைய எழுத்துகள். நெடுநேரம் காத்திருந்தார். வைத்துவிட்டுத் திரும்பியபோதே டெனீஸின் முகம்போல இருந்தது அவர் முகம். மறுக்கவில்லை என்றார். ஒத்துக்கொள்ளவும் இல்லை. தாமதம். மூன்று வேலைநாள். அதற்குள் ஏதாவது சொல்வார்கள்.

எழிலரசி சிரித்துவிட்டாள். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள்.

"மான் சுடலாமாம், பேப்பர் சுடக்கூடாதாம். கேட்டீங்களா?"

குமாரசாமி சிரிக்கவில்லை. "செவ்வாய், புதன்கிழமைக்குள்ள வந்துரும்" என்றான். வந்துரும் என்று எத்தனை தடவை சொல்லியிருப்பான்.

வெய்ன் மேசையைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தார். கடை ஆறு மணி வரை திறந்திருக்கும் என்றார். வீட்டுக்குத்தான் எடுத்துப்போகக் கூடாது. இங்கேயே பிடித்துப் பார்க்க யார் அனுமதியும் வேண்டாம். ஒரு பழைய பாயைக் கொண்டுவந்து நடைபாதையில் விரித்தார். எதிர்ச்சுவரில், மான்தலையிலிருந்து நன்றாகத் தள்ளி, நாலணா அகலத்தில் ஒரு கறுப்புப் பொட்டை ஒட்டினார். தோட்டா அறை காலியாக இருப்பதை அவளிடம் திறந்து காட்டி, துப்பாக்கியைப் பாயில் வைத்தார்.

எழிலரசி செருப்பைக் கழற்றிவிட்டு, சுடிதாரோடு குப்புறப் படுத்தாள். இடது முழங்கை, வலது முழங்கை. கட்டை தோளில் சரியாக உட்கார்ந்தது. இவ்வளவு கிட்டத்தில், துப்பாக்கிமேல் மாட்டியிருந்த தொலைநோக்கி வழியே எதுவும் தெளியவில்லை. பொட்டு கலங்கி, சுவர் கலங்கி, குறிக்கோடு மட்டும் அவளுடைய மூச்சுக்கு ஏறி இறங்கியது. மூச்சைப் பாதி விட்டு நிறுத்தினாள். கோடும் நின்றது.

வாடிக்கையாளர்கள் அவளைச் சுற்றிக்கொண்டு போனார்கள். பூட்ஸ் போட்ட ஒருவர், தரையில் நீண்டு கிடந்த துப்பட்டாவை மிதிக்கவிருந்தார். குமாரசாமி சட்டென்று குனிந்து அதன் முனையை எடுத்தான். ஒரு கையில் அவளுடைய கைப்பை, மறு கையில் துப்பட்டாவின் முனை. அப்படியே, கோவிலில் அர்ச்சனைத் தட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பவனைப்போல, அசையாமல் நின்றான்.

"க்ளிக்" என்றது வெறும் துப்பாக்கி.

துப்பாக்கியின் தாழை மறுபடி இழுத்துத் தள்ளிவிட்டு, அவள் மூச்சை உள்ளே வாங்கினாள்.