நம்ம நேரம்

என் மனைவியின் அண்ணன் வாழ்நாளில் ஒரே ஒரு முறை விமானத்தில் பறந்திருக்கிறார். அதுவும் முக்கால் மணி நேரம். இறங்கிய நாளிலிருந்து வீட்டில் அவருக்கு 'பைலட்' என்று பெயர். அது கேலி என்பது அவருக்கு இன்றுவரை தெரியாது.

அன்று காலை ஆறு மணிக்கு மகள் அழைத்தாள். கல்யாணமாகிக் கடல் கடந்து போனவள், நான்கு வருஷம் கழித்து, நாங்கள் இன்னும் தொட்டுப் பார்க்காத பேத்தியோடு வருகிறாள்.

"விமானத்துல உக்காந்துட்டோம்மா. நாலு மணிக்கு இறங்கிடுவோம், நம்ம நேரம்" என்றாள். அதோடு போன் அணைந்துவிட்டது. எந்த விமானம் என்று கேட்க எங்களுக்குத் தோன்றவில்லை. பைலட் இருக்கும் வீட்டில் அதெல்லாம் எதற்கு?

பைலட் பூகோள உருண்டையோடு கூடத்தில் உட்கார்ந்தார். என் மனைவியின் தையல் பெட்டியிலிருந்து சிவப்பு நூலை எடுத்து, ஒரு நுனியை மகள் இருக்கும் ஊரிலும் மறு நுனியை எங்கள் ஊரிலும் வைத்து அழுத்தினார். ஒன்பதாயிரம் கிலோமீட்டர். மணிக்குத் தொள்ளாயிரம் என்றால் பத்து மணி நேரம். ஆறும் பத்தும் பதினாறு. அதாவது மாலை நாலு. கணக்கு இவ்வளவு சுலபமாக முடிந்தது அவருக்குப் பிடிக்கவில்லை. நிபுணரின் கௌரவம் என்ன ஆவது?

எதிர்க்காற்றைக் கூட்டினார். பூமி சுற்றுவதைக் கூட்டினார். ஓடுகிற பூமியை விமானம் துரத்திப் பிடிக்க வேண்டுமாம். கடைசியில் இரவு ஒன்பது என்று தீர்ப்பு வந்தது. மகள் சொன்ன நாலு, அவள் இருக்கும் நாட்டு நேரமாம். இங்கே அதைவிட ஐந்து மணி நேரம் கூடுதல்.

"நாலு வருஷமா அங்க குடும்பம் நடத்துறா. இப்ப அவளுக்கு 'நம்ம'ன்னா அந்த ஊருதாம்மா. எட்டு மணிக்குக் கிளம்பினா போதும்" என்றார் தங்கையிடம்.

என் மனைவியின் முகம் சுருங்கிப்போனது. பேத்தியைத் தூக்க இன்னும் ஐந்து மணி நேரம் ஆகும் என்பதைக்கூடப் பொறுத்துக்கொள்வாள். மகளின் 'நம்ம'வுக்குள் தான் இல்லை என்பதைத்தான் தாங்க முடியவில்லை. சமையலறைக்குள் போனவள், போன வேகத்தில் திரும்பி வந்தாள். கையில் கரண்டி.

"அண்ணா, அந்த ஊரு நேரமா இருந்தா 'எங்க நேரம்'னு சொல்லியிருப்பா. 'நம்ம'ன்னா அதுல நானும் உண்டு. நூலைச் சுருட்டு."

மூன்று மணிக்கே விமான நிலையத்தில் நின்றோம். நாங்கள் ஏமாறுவதைக் கண்ணால் பார்க்க பைலட்டும் வந்தார். ஒன்பது மணிவரை உட்கார்ந்திருக்க வேண்டுமே என்று தலையணையும் கொண்டுவந்திருந்தார்.

நாலரை மணிக்கு, அவர் அதைச் சரியாக முதுகுக்குக் கொடுப்பதற்குள் கண்ணாடிக் கதவு திறந்தது. பெட்டி வண்டிக்குப் பின்னால் மகள்; இடுப்பில் பேத்தி. என் மனைவி ஓடிய ஓட்டத்தை எந்த எதிர்க்காற்றும் தடுத்திருக்காது.

கட்டிப்பிடித்தவள் பயணம் எப்படி என்றுகூடக் கேட்கவில்லை. "ஏண்டி, 'நம்ம நேரம்'னியே, எந்த நேரத்தைச் சொன்னே?"

"இது என்னம்மா கேள்வி? நம்ம வீட்டு நேரந்தான்."

என் மனைவி அண்ணனைத் திரும்பிப் பார்த்தாள், அவ்வளவுதான். அவர் தலையணையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, "காத்து பின்னாலேருந்து தள்ளியிருக்கு" என்றார்.

பேத்தி அவர் சட்டைப் பையிலிருந்து தொங்கிய சிவப்பு நூலைப் பிடித்து இழுத்தாள். ஒன்பதாயிரம் கிலோமீட்டரையும் அப்படியே வாயில் போட்டுக்கொண்டாள்.