மச்சாள் எடுத்த மெட்டு

ரொறொன்ரோவில், தேவாலய வாங்குகளில் வைத்திருந்த பாட்டுத் தாள்களை றீற்றா ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டு வந்தாள். மூன்றாவது வரிசையில் மச்சாள் வேரோனிக்கா வந்து அவள் கையைப் பிடித்தாள்.

“என்ன செய்யிறாய்? சனம் வரத் தொடங்கிட்டுது.”

“இந்தப் பாட்டு வேண்டாமெண்டு நேற்றே சொன்னனான்.”

“என்ர தம்பிக்கு நான் எழுதின பாட்டைப் பாடாமல் வேற ஆருக்குப் பாடுறது?”

“ஊரில எல்லாற்ற பெட்டிக்கும் பாடியாச்சுத்தானே மச்சாள். இவரையாவது விடுங்கோ.”

“டபிள் ஷிப்ற் அடிக்கவிட்டு அவனைச் சாகக் குடுத்திட்டாய். இப்ப பாட்டுக்கும் வாய் காட்டுறாய், என்ன?”

பீடத்தின் முன்னால் றீற்றாவின் புருஷன் அருள்நாயகம், அக்கா வேரோனிக்கா தெரிந்தெடுத்த கழுத்து ரையோடு சவப்பெட்டிக்குள் கிடந்தார். அவருக்கு ரை பிடிக்காது என்று றீற்றா சொன்னதையும் ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

கலியாணத்துக்கு முன் கொழும்பு ரேடியோவில் கேட்ட ஸ்பானியக் காதல் பாட்டொன்றை, ஒரு சொல்லும் விளங்காமலே பாடமாக்கி அவளுக்குப் பாடிக் காட்டியவர் அந்த மனிதர். வேரோனிக்காவுக்கு அந்தச் சம்பந்தத்தில் துளியும் விருப்பமில்லை. கலியாணத்தைத் தடுக்க முடியாதவள் மெட்டை எடுத்துக்கொண்டாள். ‘ஆண்டவரே, இளைப்பாற்றி’ என்று வரிகள் வைத்து ஒரு செத்தவீட்டுப் பூசையில் பாட, பங்குச் சனமே அழுதது. பிறகு அது இல்லாமல் ஊரில் ஒரு பிரேதமும் சேமக்காலைக்குப் போகவில்லை. அவர் வீட்டுக்குள் முணுமுணுத்தால்கூட அடுத்த வீட்டுக்காரி “ஆர் மோசம் போனது?” என்று கேட்பாள். மனிதர் பாடுவதையே விட்டார். முப்பது வருடமாக றீற்றாவுக்கு அந்த ஆத்திரம் ஆறவில்லை.

ரொறொன்ரோவுக்கு வந்து பிளாஸ்ரிக் பாக்ரறியில் சேர்ந்த பிறகுதான் திரும்பப் பாட அவருக்கு வாய் திறந்தது. கூட வேலை செய்த, ஸ்பானியம் பேசும் சல்வடோர்க்காரருக்கு அது தாய்மடியில் கேட்ட பாட்டு. அவர்கள்தான் அர்த்தத்தைச் சொன்னார்கள்: கதவைச் சாத்தாதே, வந்துகொண்டிருக்கிறேன். அதை வந்து அவளிடம் சொன்னபோது அவருக்கு ஐம்பத்தாறு வயது. அந்த வயதிலும் வெட்கப்பட்டார்.

பாதர் தீர்த்தம் தெளித்து முடிக்க, வேரோனிக்கா எழும்பிப் பாடத் தொடங்கினாள். சனத்துக்குத் தாள் தேவைப்படவில்லை, எல்லாருக்கும் பாடம். மனிசன் செத்த பிறகும் மச்சாளே வென்றுவிட்டாள் என்று றீற்றா பல்லைக் கடித்தாள்.

அப்போதுதான் பின்னால் அதே மெட்டில் ஸ்பானியச் சொற்கள் கேட்டன. கடைசி வாங்கில் பாக்ரறி ஆட்கள் எட்டுப் பேர், வேலை உடுப்போடு. முதலில் ஒருவன், பிறகு எல்லாரும், கோயிலென்றும் பாராமல் நெஞ்சைத் திறந்து பாடினார்கள். வேரோனிக்கா குரலை உயர்த்திப் பார்த்தாள். எடுபடவில்லை. சனம் ஒவ்வொருவராக நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தது.

“உவங்கள் என்ன கோதாரி பாடுறாங்கள்? போய் நிப்பாட்டச் சொல்லு.”

“உது அவையின்ர பாட்டு மச்சாள். அவர் எனக்குப் பாடினது.”

றீற்றா முன்வாங்கை விட்டு எழும்பினாள். பெட்டியை ஒருமுறை தொட்டுவிட்டு நடுவழியால் பின்னுக்கு நடந்தாள். பாடிக்கொண்டே ஒருவன் பக்கத்தில் கிடந்த ஜக்கெற்றை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். அந்த இடத்தில் அவள் போய் இருந்தாள்.