பெட்டி எண் இருநூற்றுப் பன்னிரண்டு

வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு வெல்டன் ஊர் வங்கியில் வந்து உட்கார்ந்த நோரீன் ஸ்வோபோடா, பதினொன்று ஆகியும் எழுந்திருக்கவில்லை. மறுநாள் பத்து மணிக்கு அவளுடைய அப்பா எமிலை அடக்கம் செய்தாக வேண்டும். கொரியப் போருக்குப் போய் உயிரோடு திரும்பிய மனுஷன். ராணுவக் கல்லறையில் படுக்க வேண்டும், கொடியை மடித்து மகள் கையில் கொடுக்க வேண்டும். அவர் வாய்விட்டுக் கேட்டது அது ஒன்றைத்தான்.

அதற்குப் படையிலிருந்து விடுவித்ததற்கான சான்றிதழ் வேண்டும். அரசாங்கத்திடம் இருந்த பிரதி, எழுபத்து மூன்றில் செயின்ட் லூயிஸ் ஆவணக் கிடங்கு எரிந்தபோதே சாம்பலாகிவிட்டது. எமிலின் கைக்கு வந்த தாளை இந்த வங்கியின் பெட்டகத்தில், இருநூற்றுப் பன்னிரண்டாம் பெட்டியில் வைத்திருந்தார். சாவி நோரீனின் கைப்பையில் இருக்கிறது. பெட்டிதான் இல்லை.

மேனேஜர் கோல்பி ஒமாஹாவிலிருந்து மாற்றலாகி வந்து ஒரு மாதம்தான் ஆகிறது. திங்கட்கிழமையே சொல்லிவிட்டான்: ஆறு கடிதம் போட்டும் பதில் இல்லை, அதனால் எட்டு வருஷத்துக்கு முன்பே பெட்டியைத் துளை போட்டுத் திறந்து, உள்ளே இருந்ததைக் கேட்பாரற்ற சொத்து என்று மாநிலக் கருவூலத்துக்கு அனுப்பியாகிவிட்டது. கருவூலத்துக்குப் போன் செய்தால் நாற்பது நிமிஷம் பாட்டுப் போட்டார்கள். பிறகு, தங்கள் பட்டியலில் ஒரு கைக்கடிகாரம்தான் இருக்கிறது, தாள் எதுவும் இல்லை, வங்கியைக் கேளுங்கள் என்றார்கள். வங்கியில் கேட்டால் கருவூலத்தைக் கேளுங்கள் என்றார்கள். நாலு நாளாக இதே கூத்து. பள்ளிக்கூடச் சமையலறையில் முந்நூறு பிள்ளைகளுக்குப் பொறுமையாகப் பரிமாறுகிறவள் அவள். அந்தப் பொறுமையெல்லாம் இங்கே தீர்ந்துபோயிருந்தது.

கடிதங்கள் எங்கே போயின என்று அவளுக்குத் தெரியும். அதுதான் நெஞ்சை அறுத்தது. எமில் பெட்டி எடுத்தது விவசாயிகள் வங்கியில். அந்த வங்கியை ப்ரெய்ரி கிராண்ட் என்ற வங்கி வாங்கியது, அதை ஆல்டன் கான்டினென்டல் வாங்கியது, கடைசியில் வெரிடன் வாங்கியது. வெரிடன் என்று உறையில் பார்த்தாலே கிழவர் கடன் அட்டை விற்க வருகிறான் என்று பிரிக்காமல் தள்ளிவிடுவார். "என் பேங்க் விவசாயிகள் பேங்க். இவனுங்க யாரு எனக்கு லெட்டர் போட?" என்பார். அந்த உறைகளைக் குப்பைத் தொட்டியில் கொண்டுபோய்க் கொட்டியவள் நோரீன்தான்.

பார்ப்பதற்கு வேறொன்றும் இல்லாததால் எதிர்ச் சுவரைப் பார்த்தாள். வெரிடன் வங்கியின் நூற்றைம்பதாம் ஆண்டுக்காக, 'எங்கள் வளர்ச்சிப் பாதை' என்று வாசலிலிருந்து கழிப்பறை வரை படமும் எழுத்துமாக மாட்டியிருந்தார்கள். ஒமாஹாவில் ஒரே அறை, இரண்டு மேசையில் ஆரம்பம். பிறகு ரயில்பாதை, மாட்டுச் சந்தை, முப்பது வங்கிகள், முந்நூறு வங்கிகள், பதினேழு மாநிலங்கள். விழுங்கிய ஒவ்வொன்றையும் 'எங்கள் குடும்பத்தில் இணைந்தது' என்றே எழுதியிருந்தார்கள். நல்ல குடும்பம்தான் போ, என்று மனசுக்குள் திட்டினாள். தன் ஊர் வங்கியைப் பற்றி எத்தனை வரி எழுதியிருக்கிறார்கள் என்று தேடிக்கொண்டு எழுந்து நடந்தாள்.

கழிப்பறைக் கதவுக்குப் பக்கத்தில் அரை வரி இருந்தது. அதன் கீழே கண்ணாடிச் சட்டத்துக்குள் பழுப்பேறிய ஒரு தாள். 'வெல்டன் பெட்டகத்தில் கிடைத்தது. பெயர் தெரியாத ஒரு போர்வீரர், 1953' என்று விளக்கம் போட்டிருந்தது. தாளின் முதல் கட்டத்தில் தட்டச்சில் பளிச்சென்று இருந்தது: ஸ்வோபோடா, எமில் ஜே.

அவள் சட்டத்தைப் பிடித்து இழுத்தாள். திருகாணி போட்டிருந்ததால் அசையவில்லை. சத்தம் கேட்டுக் கோல்பி ஓடிவந்தான்.

"மேடம், அது கண்காட்சிப் பொருள். தலைமை அலுவலகம்தான் அனுமதி தரணும். ஒரு ஃபாரம் எழுதிக் குடுங்க, பத்து வேலை நாள்ல..."

"பத்து நாள் கழிச்சு எங்கப்பா எந்திரிச்சு வந்து வாங்கிப்பாரா தம்பி?"

மூன்று முறை பெயர்ப் பலகை மாறியும் அதே ஜன்னலில் உட்கார்ந்திருக்கும் காசாளர் பெர்னடெட் எழுந்து வந்தாள். மேசை டிராயரிலிருந்த திருப்புளியை நோரீன் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பிப் போய் உட்கார்ந்தாள். கோல்பி அவளைப் பார்த்தான். அவள் கணினியைப் பார்த்தாள்.

நாலு திருகாணி. நோரீன் நிதானமாகக் கழற்றினாள். சட்டத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு, இருநூற்றுப் பன்னிரண்டாம் சாவியைக் கோல்பியின் கையில் வைத்தாள்.

"உங்க லெட்டரைப் படிக்காம எங்கப்பா குப்பையில போட்டாரு. தப்புதான், ஒத்துக்கறேன். நீங்க அவரோட தாளைப் படிக்காமலே சுவத்துல மாட்டியிருக்கீங்க."

அவன் ஃபாரத்தை நீட்டியபடியே நின்றான். அவள் கல்லறை அலுவலகம் மூடுவதற்குள் போய்ச் சேர வேண்டுமென்று வண்டியைக் கிளப்பினாள்.