நாற்பத்துநாலும் நாற்பத்தெட்டும்

கன்வெர்ட் அக்காவின் மேசை ஸ்டுடியோவுக்கு உள்ளே இல்லை. படிக்கட்டுக்குக் கீழே, பழைய ஸ்பீக்கர் பெட்டிகளுக்கு நடுவே கிடந்தது. காலையிலிருந்து குனிந்த தலை நிமிராமல் பாட்டுக் கோப்புகளைக் கன்வெர்ட் செய்து, வடிவம் மாற்றிக்கொண்டிருந்தாள்.

பாடுகிறவர்கள் வீட்டிலிருந்தபடியே போனில் பாடி அனுப்பிவிடுவார்கள். போன் தன் வசதிக்கு அந்தக் குரலைச் சுருட்டிக் கட்டியிருக்கும். உள்ளே இருக்கும் இசை மென்பொருளுக்கோ விரித்துக் கொடுத்தால்தான் ஆகும். விரித்துக் கொடுப்பதுதான் இவள் பிழைப்பு. சொந்தப் பெயரைச் சொல்லி அவளை அங்கே யாரும் கூப்பிட்டதில்லை.

அன்றைய கோப்புகளில் ஒன்று அவள் நாத்தனாருடையது. எத்தனையோ விளம்பரங்களில் கூட்டத்தோடு கூட்டமாக 'ஆ' பாடியவள். தனியாக நாலு வரி பாட இதுதான் முதல் வாய்ப்பு. இன்ஜினியரிடம் கெஞ்சிக் கூத்தாடி அதை வாங்கிக் கொடுத்தவள் இவள்தான். எதிரொலிக்காமல் இருக்க அலமாரியைத் திறந்து, தொங்கும் துணிகளுக்குள் தலையை விட்டுக்கொண்டு நேற்றுப் பகலில் பாடி அனுப்பியிருந்தாள் நாத்தனார்.

இன்ஜினியர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தான்.

"அக்கா, கொஞ்சம் உள்ள வாங்க. உங்க நாத்தனார் காலை வாரிட்டாங்க."

உள்ளே குரல் ஓடிக்கொண்டிருந்தது. கீச்சென்று மெலிந்து, தாளத்தை விட்டுவிட்டு முன்னால் பாய்ந்தது. சுருதி ஒட்டவேயில்லை. இசையமைப்பாளர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"எதுக்கு இந்த ஓட்டம்? பஸ்ஸைப் பிடிக்கணுமா? வேற ஆளைப் பாருப்பா."

வீட்டுக்குப் போய் அந்தப் பெண்ணின் முகத்தில் எப்படி விழிப்பது? யாரும் நிறுத்தாததால் கோப்பு ஓடிக்கொண்டே இருந்தது. பாட்டு முடிந்ததும் தூரத்தில் ஏதோ கீச்சிட்டது.

"பூனை வளக்குறாங்களா?" என்று சிரித்தான் இன்ஜினியர்.

பூனையும் இல்லை, ஒன்றும் இல்லை. அது அவள் பிள்ளை. அவனை நாத்தனாரிடம் விட்டுவிட்டுத்தான் தினமும் வேலைக்கு வருகிறாள். எந்நேரமும் தொண்டை கட்டினாற்போலக் கரகரவென்று பேசுகிற பையனுக்குக் கீச்சுக்குரல் எங்கிருந்து வரும்?

"சார், ஒரு நிமிஷம். தம்பி, உள்ள எதுல ஓடுது?"

"நாப்பத்தெட்டு. சினிமா வேலையாச்சே, காலையிலதான் மாத்துனோம்."

"நான் வழக்கம்போல நாப்பத்துநாலுலதானே குடுத்தேன்! எங்கிட்ட யாரும் சொல்லலையே."

ஒரு நொடிச் சத்தத்தை எத்தனை ஆயிரம் துண்டாக நறுக்குவது என்பதுதான் அந்தக் கணக்கு. நாற்பத்துநாலாக நறுக்கியதை நாற்பத்தெட்டாக அள்ளிப் போட்டால் பாட்டு சீக்கிரம் தீர்ந்துபோகும். குரலும் மேலே ஏறிக்கொள்ளும்.

இன்ஜினியர் தலையைச் சொறிந்தான். "கம்ப்யூட்டர் மாத்தவான்னு கேட்டுச்சு அக்கா. நான்தான் பாக்காம வேணாம்னு தட்டிட்டேன்போல."

"நீதானேம்மா கேட்டுத் தெரிஞ்சுக்கணும்" என்றார் இசையமைப்பாளர், அவளைப் பார்த்து.

வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டு படிக்கட்டுக்குக் கீழே ஓடினாள். நாற்பத்தெட்டில் வைத்து மறுபடி மாற்றினாள். பச்சைக் கோடு நத்தையாக நகர்ந்தது.

இந்த முறை குரல் கீழே இறங்கி வந்து தாளத்தின் தோளில் கை போட்டுக்கொண்டது. இசையமைப்பாளரின் விரல் தானாக மேசையில் தட்ட ஆரம்பித்தது.

"அட, அதே பொண்ணா? நாளைக்கு நேர்ல வரச் சொல்லும்மா. இன்னும் ரெண்டு வரி சேத்துப் பாடட்டும்."

சந்தோஷத்தில் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அதற்குள் பாட்டு முடிந்து, பையனின் குரல் கரகரவென்று தெளிவாகக் கேட்டது.

"அம்மா, தண்ணி."

"அத்தைடா கண்ணா. அம்மா வேலைக்குப் போயிருக்கால்ல? இரு, தர்றேன்."

"சரிம்மா" என்றது பிள்ளை.

"இந்த வாலை வெட்டிடவா?" என்று கேட்டான் இன்ஜினியர்.

"வெட்டு தம்பி. வெட்டுனதை எனக்குத் தனியா எடுத்துக் குடு."

மேசைக்குத் திரும்பி நாத்தனாரைக் கூப்பிட்டாள்.

"என்னாச்சு அண்ணி? நல்லா இல்லையா?"

"ஜெயிச்சிட்டடி! நாளைக்கு நேர்ல வந்து பாடச் சொல்றாங்க."

அந்தப் பக்கம் அழுகையா சிரிப்பா என்று புரியவில்லை. பிறகு, "அப்ப பையனை யாரு பாத்துக்கறது?"

"நான் லீவு போடுறேன்."

"சம்பளத்துல பிடிப்பாங்களே அண்ணி?"

"பிடிக்கட்டும். என் பிள்ளையோட இருக்க நான் குடுக்கிற வாடகைன்னு வச்சுக்க."

உள்ளே நாத்தனாரின் வரி திரும்பத் திரும்ப ஓடியது. இன்ஜினியர் வெட்டிக் கொடுத்த வாலை அவள் போன் வாங்கிக்கொள்ளும்படி சுருட்டி, தன் போனுக்கே அனுப்பினாள். காதில் வைத்துக் கேட்டாள்.

"அம்மா, தண்ணி."

அவள் கை மேசையிலிருந்த பாட்டிலை எடுத்து மூடியைத் திருகித் திறந்திருந்தது.