நின்ற இடத்து ஓட்டம்

குதிரைக்கு நாடி பார்க்கத் தாடை எலும்பின் உள்விளிம்பில் விரல்களை வைத்து மெல்ல முன்னும் பின்னும் உருட்ட வேண்டும். பென்சில் தடிமனில் ஒரு குழாய் நழுவும். அதை எலும்போடு சேர்த்து அழுத்திக்கொண்டு, பதினைந்து விநாடிக்கு எண்ணி நாலால் பெருக்கினால் போதும். அப்படி எண்ணியதில் ஓய்வின் பதினோராம் நாள் காலையில் பீட்ரூட்டுக்கு ஐம்பத்திரண்டு வந்தது. மறுபடி எண்ணினேன். ஐம்பத்திரண்டுதான்.

"இன்னா மாமு, வாய்ப்பாடு மறந்துபூட்ச்சா?" என்றான் மொஹ்சின். தண்ணீர் வாளியைக் கீழே வைக்காமலே நின்றுகொண்டிருந்தான்.

"நேத்து நாப்பத்தெட்டு. முந்தாநாளு நாப்பத்தி நாலு. சும்மா நிக்கிற குதிரைக்கு கொறையணும்டா. இதுக்கு ஏறிக்கினு போவுது."

அவன் வாளியை வைத்தான். சிரிப்பு போய்விட்டது.

மொஹ்சினும் நானும் ராயபுரத்தில் ஒரே பெஞ்சில் படித்தவர்கள். அவன் துறைமுகத்துக்குக் கண்டெய்னர் லாரி ஓட்டுகிறான். நான் தண்டையார்பேட்டையில் ஒரு சின்ன ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். அதனால் அவனுக்கு நான் ‘ரத்த டாக்டர்’. மீஞ்சூர் பக்கம் ஞாயிற்றுக்கிழமை விடியலில் நடக்கும் குதிரை வண்டிப் பந்தயம்தான் அவனுடைய ஒரே பைத்தியம். முன்பு வைத்திருந்த குதிரை எல்லைக் கோட்டைத் தாண்டிப் பத்தடி போய், ரோட்டிலேயே முன்னங்கால் மடங்கி விழுந்து செத்தது. அன்று அவன் மனைவி நவ்ரீன், இன்னொரு குதிரை இப்படிச் செத்தால் வியாசர்பாடியில் அம்மா வீட்டுக்குப் போய்விடுவேன், திரும்பி வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். அவள் சும்மா மிரட்டுகிறவள் இல்லை. இரண்டு வருடம் கழித்து, பந்தய மைதானத்தில் ஜாக்கியைச் சுமந்து ஓடி ஓய்ந்த இந்தச் சிவந்த பெண் குதிரையை அவன் வாங்கி வந்தபோது, தெருப் பிள்ளைகள் நிறத்தைப் பார்த்து வைத்த பெயர் பீட்ரூட்.

முதல் பந்தயத்தில் பீட்ரூட் இருபது வண்டி நீளம் முன்னால் வந்தாள். ஒன்பதே நாளில் மறுபடி ஓட்டினான். கடைசியாக வந்தாள். அன்றைக்கே என்னிடம் வந்து, ஏன் என்று கேட்டான். என்னிடம் யாராவது ஏன் என்று கேட்டுவிட்டால் எனக்கு நேரம் போவதே தெரியாது.

தசை தனக்குள் சேர்த்து வைத்திருக்கும் சர்க்கரையை எரித்துத்தான் குதிரை ஓடுகிறது. நமக்கு அது ஒரு நாளில் நிரம்பும். குதிரைக்கு மூன்று நாள் பிடிக்கும். தசை நாரில் விழும் நுண்ணிய கிழிசல்கள் ஒட்ட அதற்கும் மேல். எலும்புதான் எல்லாவற்றிலும் மெதுவானது. அதிர்ந்த இடத்தை உடல் முதலில் அரித்து எடுத்துவிட்டு, பிறகுதான் புதிதாகக் கட்டும். பழைய பூச்சைக் கொத்தி எடுத்த சுவர் மாதிரி, இடைப்பட்ட நாட்களில் அது முன்பைவிட பலவீனம். ஒன்பதாம் நாள் என்பது கொத்தி எடுத்த சுவர். இதையெல்லாம் டீக்கடை மேசையில் தண்ணீரால் கோடு போட்டுக் காட்டினேன். இருபத்தெட்டு நாள் ஓய்வு கொடு, அதற்கப்புறம் ஓட்டு என்றேன். "ஓய்வுன்னா ஓய்வு. வெளியவே இட்டுக்கினு வராத" என்றும் சொன்னேன். அந்த வார்த்தையைச் சொன்னது நான்தான்.

காசிமேட்டுக்குப் பின்னால் மூடிக் கிடந்த ஐஸ் கிடங்கு ஒன்றில் அவளைக் கட்டினான். ஒன்றரை அடி தடிமனில் சுவர். ஜன்னல் கிடையாது. வெளியே லாரிகள் ஆரன் அடித்துக்கொண்டு வரிசையில் நின்றாலும் உள்ளே ஒன்றும் கேட்காது. தரையில் கடல் மணலைக் கொட்டி மெத்தைபோலப் பரப்பினான். குதிரைக்கு இதைவிட அமைதியான இடம் வடசென்னையில் இருக்க முடியாது என்று நான்கூடச் சொன்னேன்.

அந்தப் பதினோராம் நாள் காலையில் நவ்ரீனும் கதவருகில் புல்லுக் கட்டோடு நின்றிருந்தாள். "அண்ணே, நாலு மணிக்கா வந்து பாருங்க. நான் சொன்னா இவரு என்னை லூசுன்றாரு."

"நான் எப்ப சொன்னேன்?"

"வாயால சொல்லல. மூஞ்சால சொன்ன."

அன்று அரை நாள் விடுப்பு போட்டுவிட்டு மூன்றரைக்கே போய்விட்டேன். மூவரும் சுவரோரம் உட்கார்ந்தோம். பீட்ரூட் ஒரு பின்னங்காலைத் தளர்த்தி, கீழுதடு தொங்க நின்றாள். நாடி காலையில் இருந்த அதே ஐம்பத்திரண்டு. நான்கு மணி பத்து நிமிடத்துக்கு அவள் காதுகள் இரண்டும் முன்னால் திரும்பின. நான் கேட்டுப் பார்த்தேன். எந்தச் சத்தமும் இல்லை. தளர்ந்த கால் நேரானது. எழுந்துபோய்த் தாடையில் விரல் வைத்தேன். எண்ணவே முடியவில்லை. விரலடியில் தையல் மிஷின் ஊசி மாதிரி அடித்துக்கொண்டிருந்தது. நாசி விரிந்து உள்சிவப்பு தெரிந்தது. அவள் கால்கள் நகரவில்லை. மணலில் ஒரு குளம்புகூடப் பெயரவில்லை. நின்ற இடத்திலேயே அவள் உடம்பு மட்டும் எங்கோ போய்க்கொண்டிருந்தது.

கடிகாரத்தை நிறுத்தியபோது ஒரு நிமிடம் நாற்பது விநாடி. காதுகள் தளர்ந்தன. பெருமூச்சு வாங்கினாள்.

"முதுவப் பாருங்க" என்றாள் நவ்ரீன்.

முதுகில் இரண்டு கை அகலத்துக்கு மட்டும் ரோமம் நனைந்து கறுத்திருந்தது. அதிலிருந்து வயிற்றைச் சுற்றி ஒரு பட்டி அளவு ஈரம். ஈரத்தின் ஓரமெல்லாம் வெள்ளை நுரை. மற்ற இடம் காய்ந்தே இருந்தது.

"வண்டிப் பட்டி இங்க வராது மாமு" என்றான் மொஹ்சின். குரல் இறங்கியிருந்தது. "இது சேணம். ஆள் குந்துற சேணம். என்னாண்ட சேணமே கெடியாது."

எனக்குப் பயம் வந்தால் நான் அளக்கத் தொடங்குவேன். குதிரையின் மண்ணீரல் ஓர் அற்புதமான உறுப்பு. சும்மா இருக்கும்போது சிவப்பணுக்களில் பெரும் பங்கை அதில் பூட்டி வைத்திருக்கும். ஓட்டம் தொடங்கியதும் அதைப் பிழிந்து ரத்தத்தில் விடும். ஓடுகிற குதிரையின் ரத்தம் நிற்கிற குதிரையின் ரத்தத்தைவிடக் குழம்பாக இருப்பது அதனால்தான். ஊசி போடத் தெரிந்த மொஹ்சினைக் கழுத்து நரம்பில் இரண்டு மில்லி எடுக்கச் சொன்னேன். கூடத்துக்குக் கொண்டுபோய், சிவப்பணுக்கள் அடியில் படிய மிஷினில் வைத்துச் சுழற்றினேன். மறுநாள் காலை எடுத்ததையும் சுழற்றினேன். காலை ரத்தத்தில் நூற்றுக்கு முப்பத்தெட்டு பங்கு சிவப்பணு. நாலேகால் மணி ரத்தத்தில் அறுபத்தொன்று.

நான் ஒன்றையும் கற்பனை செய்யவில்லை. அவள் ஓடியிருக்கிறாள். தினமும் ஓடிக்கொண்டிருக்கிறாள். இருபத்தெட்டு நாள் ஓய்வு என்று நான் கொடுத்தது இருபத்தெட்டு பந்தயம்.

அதற்கு மறுநாள் கிடங்கில் இதைச் சொன்னதும், "நெஞ்சு வெடிச்சிடுமா?" என்றான் மொஹ்சின். நவ்ரீன் பக்கம் அவன் திரும்பவே இல்லை.

"இப்டியே போனா ஒரு வாரம். இன்னும் கம்மியாவும் இருக்கலாம்."

"வெளிய கூட்டினு போலாமே" என்றாள் நவ்ரீன்.

நேற்று மாலையே மீன்பிடித் துறைமுகத்து மணலில் நடத்திப் பார்த்துவிட்டேன் என்றான் மொஹ்சின். நாலு பத்துக்கு, அலைக்கு முன்னால் அப்படியே கல்லாக நின்றிருக்கிறாள். முதுகில் அதே ஈரம். சேதி கேட்டு நவ்ரீன் புல்லுக் கட்டின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். பிறகு சாதாரணமாகக் கேட்டாள்: "அது படுத்து நீங்க யாருனா பாத்துக்கீறீங்களா? இங்க வந்த நாள்லேர்ந்து எப்பவும் நின்னுகினேதான் கீது. அதும் மேல ஒரு மண்ணு ஒட்டி நான் பாத்ததில்ல."

எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. குதிரை நின்றபடி தூங்கும் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் அது அரைத் தூக்கம். கனவு வருகிற ஆழ்ந்த தூக்கத்தில் தசையெல்லாம் விட்டுப்போகும். அதற்குப் படுத்தாக வேண்டும். நாளுக்கு முக்கால் மணி நேரம் போதும். கூட்டத்தில் ஒரு குதிரையாவது நின்று காவல் காக்காமல் மற்றது படுக்காது. மைதான லாயத்தில் அவளுக்கு இரண்டு பக்கமும் குதிரைகள் இருந்திருக்கும். இங்கே நான்கு சுவர். தசைக்கும் எலும்புக்கும் நாள் கணக்குச் சொன்ன எனக்குத் தூக்கம் நினைவுக்கு வரவில்லை. படுத்துத் தூங்காததால் வராமல் போன கனவு எங்கே போகும்? அது நின்றபடியே வரும். அப்படித்தான் எனக்கு நானே விளக்கிக்கொண்டேன். ரோமத்தில் விழுந்த சேணத்துக்கு மட்டும் என்னிடம் விளக்கம் இல்லை.

"யாருனா நிக்கணும்" என்றேன். "குந்தக்கூடாது. அதுக்குப் பக்கத்துல, கதவப் பாத்துக்கினு."

"பந்தயம்லாம் கெடக்கட்டும் மாமு" என்றான் மொஹ்சின். "அது தூங்குனா போதும்."

அவனே நிற்பதாகச் சொன்னான். அவனைக் கண்டால் தீவனம் என்று அவள் விழித்துக்கொள்வாள், நான் நிற்கிறேன் என்றேன். செருப்பைக் கழற்றிவிட்டு, இரண்டரை மணிக்கு அவள் தோளருகில் நின்றேன். அவர்கள் இருவரும் கதவுக்கு வெளியே வெயிலில், எனக்கு நேர் எதிரே உட்கார்ந்துகொண்டார்கள். ஒரு மணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை. முழங்கால் வலித்தது. நான்கு மணிக்குச் சற்று முன் அவள் மணலை முகர்ந்தாள், ஒரு சுற்று சுற்றினாள், முன்னங்கால்களை மடித்தாள். அவ்வளவு பெரிய உடம்பு ஒரு மூட்டையை மெதுவாக இறக்குவதுபோல என் காலடியில் இறங்கியது. கழுத்தை நீட்டிப் பக்கவாட்டில் சாய்ந்தாள். இமைகளுக்குள் கண் உருண்டது. வெளியே நவ்ரீன் வாயைப் பொத்திக்கொண்டு அழுவது தெரிந்தது. மொஹ்சின் அவள் தோளைப் பிடித்துக்கொண்டான்.

நான்கு பத்துக்கு நான் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. பார்க்கத் தேவைப்படவில்லை. என் காதுக்குப் பின்னால் தோல் இழுபட்டது. மார்பைச் சுற்றி ஏதோ இறுகியது. முதுகில் ஒரு பாரம் ஏறியது. அதிகமில்லை, மெலிந்த ஆள் ஒருவன் முன்னால் குனிந்து உட்கார்ந்தால் இருக்கும் அளவு. கத்தலாம். கத்தினால் அவள் விழித்துக்கொள்வாள். பற்களைக் கடித்துக்கொண்டு நின்றேன். மூச்சு எனக்கு முன்னால் ஓடியது, நான் அதன் பின்னால் ஓடினேன், கால்கள் மணலிலேயே இருந்தன.

கீழே அவள் விலா நிதானமாக ஏறி இறங்கியது. நிமிடத்துக்கு எட்டு மூச்சு இருக்கும்.

பிறகு எல்லாம் தளர்ந்தது. வியர்வை கண்ணில் இறங்க, எதிரே வெயிலில் மொஹ்சினும் நவ்ரீனும் அசையாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களைத் தவிர அங்கே யாருமில்லை. என் பின்னங்கழுத்தில், நன்றாக ஓடிய குதிரையைத் தட்டுவதுபோல, ஒரு கை இரண்டு முறை தட்டிக்கொடுத்தது.