கான்வென்ட் என்று சொல்லிவிட்டு

ஆம்பூரில் ரயில்வே லைனை ஒட்டியிருந்த அந்த ஷூ கம்பெனியில், தையல் பிரிவுக்குப் பூரணி சூப்பர்வைசர். வயது முப்பத்தைந்து. அவளுக்குக் கீழே இருபத்திரண்டு பெண்கள். 1983 கடைசியில் ஜெர்மனிக்குப் போக வேண்டிய பெரிய ஆர்டரை நாலு நாள் முன்னதாகவே முடித்துக் கொடுத்ததால், பொங்கல் கழிந்து இரண்டு நாள் மெட்ராஸுக்குச் சுற்றுலா போய்வரக் கம்பெனி பஸ் கொடுப்பதாகச் சொன்னது. எங்கே போவது, எங்கே தங்குவது என்பதையெல்லாம் பூரணியே முடிவு செய்யலாம் என்றார் மேனேஜர்.

எங்கே போவது என்பதில் சண்டையே இல்லை. மெட்ராஸுக்குத் தெற்கே கடற்கரையில் புதிதாக ஒரு பொழுதுபோக்குப் பூங்கா திறந்திருந்தார்கள். ராட்டினம், குட்டி ரயில், படகு, எல்லாம் ஒரே வேலிக்குள். தங்குவதில்தான் தகராறு வந்தது. தையல் பிரிவில் இருந்த ஆரோக்கியமேரியின் சித்தி சவுரியம்மாள் சாந்தோம் பக்கம் ஒரு கான்வென்டில் சமையல் வேலை பார்த்தாள். அங்கே பெண்கள் தங்கப் பெரிய ஹால் இருந்தது. பூரணி வீடு வீடாகப் போய் அதைத்தான் சொன்னாள். கன்னியாஸ்திரிகள் இருக்கும் இடம், ஆம்பளை நிழல் படாது என்று. அதனால்தான் சம்மதித்தார்கள்.

எல்லாரையும்விடத் தயங்கியவர் அஹமது பாஷா. ஒரு தோல் மண்டிக்காரரிடம் வேலை. வாரத்தில் மூன்று நாள் மெட்ராஸ் பெரியமேட்டுக்குச் சரக்கு லாரியோடு போய்வருவார். அவர் மகள் ஜஹீதாவுக்குப் பத்தொன்பது வயது. கல்யாணம் பேசி முடித்திருந்தார்கள்.

"பூரணிம்மா, நீங்க கூட இருக்கீங்க, கான்வென்ட்னு சொல்றீங்க. அதுக்காகத்தான் அனுப்பறேன்" என்றார். உள்ளேயிருந்து அவர் மனைவி மஹ்பூபி, "அனுப்புங்க, கல்யாணத்துக்கு அப்புறம் எங்க போப்போறா" என்று அவளுக்காகப் பேசினாள்.

இரண்டு வாரம் கழித்து ஆரோக்கியமேரி ஒரு செய்தி கொண்டுவந்தாள். கான்வென்ட் கேட்டைச் சரியாக ஏழு மணிக்குப் பூட்டிவிடுவார்களாம். அதே நாளில் பூங்காவிலிருந்து பதில் கடிதமும், வழவழப்பான தாளில் அச்சடித்த ஒரு நோட்டீஸும் வந்தன. பூங்காவுக்குள்ளேயே கடலைப் பார்த்த மாதிரிக் குடில்கள். ஏழு மணிக்கு வெளியாட்களை அனுப்பிவிட்டுக் கேட்டைச் சாத்திய பிறகு, குடிலில் தங்குகிறவர்களுக்கு மட்டும் ஏழரையிலிருந்து ஒன்பதரை வரை தனி நிகழ்ச்சி. வண்ண விளக்குகள், ஆர்கெஸ்ட்ரா, வரிசையில் நிற்காமல் எத்தனை முறை வேண்டுமானாலும் ராட்டினம்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் அந்த நோட்டீஸ் கை மாறிக் கை மாறிப் போனது. அதை அதிக நேரம் வைத்திருந்தவள் கமலவேணி. குடியாத்தத்தில் லுங்கித் தறி வைத்திருக்கும் லோகநாதனின் மகள்.

"ஏழு மணிக்கு உள்ள போய் பூட்டிக்கினு உக்கார்றதுக்கு மெட்ராஸ் எதுக்குக்கா? அதுக்கு எங்க வீடே போதும்" என்றாள் அவள்.

"வீட்ல கான்வென்ட்னு சொல்லியாச்சேடி."

"இதுவும் வேலி போட்ட இடந்தானே. நாம எல்லாம் ஒண்ணாத்தானே இருக்கப்போறோம். இன்னா வித்தியாசம்?"

பூரணி இரண்டு நாள் யோசித்தாள். உண்மையைச் சொன்னால் பாதி வீடுகளில் வேண்டாம் என்பார்கள் என்று அவளுக்குத் தெரியும். கல்யாணமாகி மூன்று வருஷத்தில் புருஷனை இழந்தவள் அவள். அதற்கப்புறம் வீடு, கம்பெனி தவிர வேறெங்கும் போனதில்லை. அந்த நோட்டீஸில் இருந்த படத்தை அவளும் பலமுறை பார்த்திருந்தாள். மூன்றாம் நாள் குடில்களுக்குப் பதிவு செய்து கடிதம் போட்டாள். வீடுகளில் எதுவும் சொல்லவில்லை. ஜஹீதா மட்டும், "அப்பா கேட்டா இன்னா சொல்றதுக்கா?" என்று கேட்டாள். "கேட்டா நான் சொல்லிக்கறேன்" என்றாள் பூரணி.

போன முதல் நாள் நன்றாகவே போனது. பகலெல்லாம் சுற்றினார்கள். ஏழு மணிக்குக் கூட்டம் வெளியேறி, விளக்குகள் எரிந்து, ஆர்கெஸ்ட்ரா தொடங்கியதும் பூங்கா முழுவதும் தங்களுக்கே சொந்தம் என்பது போல அந்தப் பெண்கள் ஓடினார்கள். கமலவேணி நாலு முறை ராட்டினம் ஏறினாள். பூரணியும் ஒரு முறை ஏறி, உச்சியில் நின்றபோது இருட்டில் கடலின் வெள்ளை நுரையைப் பார்த்தாள். இறங்கியதும் சிரிப்பு வந்தது. அடுத்து ஜஹீதாவும் இரண்டு பெண்களும் ஏறினார்கள்.

ஒன்பதேகால் இருக்கும். பாட்டு சட்டென்று நின்றது. மைக்கில் ஒரு ஆண் குரல் வந்தது.

"ஆம்பூரிலிருந்து வந்திருக்கும் பூரணி அவர்கள் உடனே மெயின் கேட்டுக்கு வரவும். உங்களைப் பார்க்க அஹமது பாஷா என்பவர் வந்திருக்கிறார்."

பூரணி மேலே பார்த்தாள். ராட்டினம் சுற்றிக்கொண்டிருந்தது. ஜஹீதாவின் தொட்டி எது என்று தெரியவில்லை. மேலே அவளுக்குக் கேட்டதா என்பதும் தெரியவில்லை. ஆரோக்கியமேரி ஓடிவந்து அவள் கையைப் பிடித்தாள்.

"பாய்க்கு எப்படிக்கா தெரிஞ்சுது?"

"நீ இங்கயே இரு. ஜஹீதா எறங்கினா குடிலுக்கு இட்டுக்கினு போய்டு. நான் பேசிட்டு வர்றேன்."

ராட்டினத்திலிருந்து கேட்டுக்குக் கால் மைல் நடக்க வேண்டும். அந்தக் கால் மைலும் பூரணி என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே நடந்தாள். பாட்டு மறுபடியும் தொடங்கியிருந்தது. இங்கே சும்மா பார்க்க வந்தோம் என்று சொல்லலாம். பஸ் நிற்கிறது, இப்போதே கான்வென்டுக்குக் கிளம்புகிறோம் என்று சொல்லலாம். வாக்கியத்தை இரண்டு மூன்று முறை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

கேட்டின் கம்பிகளுக்கு வெளியே அவர் நின்றிருந்தார். வாட்ச்மேன் பாஸ் இல்லாமல் உள்ளே விட முடியாது என்று சொல்லி அவரோடு ஏற்கெனவே வாக்குவாதம் செய்திருந்தான். பாஷாவின் சட்டை வேர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது.

அவர் வாயைத் திறப்பதற்குள் பூரணி பேசிவிட்டாள். "பாய், சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தோம். இதோ கெளம்பிட்டோம். கான்வென்ட்ல ஹால் ரெடியா இருக்குது."

அவர் அவளைப் பார்த்தார். "நான் அங்கருந்துதான் வர்றேன்" என்றார்.

பூரணி கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"அதக் கேக்க வரலம்மா. ஜஹீதாவோட அம்மாவுக்கு வயித்து வலி. மத்தியானம் ஜாஸ்தியாகி மயக்கம் போட்டுட்டா. வேலூர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்காங்க. ஆபரேஷன்னு சொல்றாங்க. நான் பெரியமேட்ல இருந்தேன், அஞ்சு மணிக்கு மண்டிக்கு ட்ரங்க் கால் வந்துச்சு. பொண்ணைக் கூட்டிக்கினு ஆறரை வண்டிய பிடிச்சிடலாம்னு கான்வென்டுக்கு ஓடினேன். அப்படி யாருமே வரலன்னு சொல்லிட்டாங்க."

முகத்து வேர்வையைத் துடைத்துக்கொண்டு மேலே சொன்னார். "ரெண்டு மணி நேரம் அந்த கேட்டாண்டயே உக்காந்திருந்தேன். எங்க போய்த் தேடறது? உங்க பஸ் எங்கயாவது மோதிடுச்சான்னு கூட நெனச்சேன். அப்புறம் சமையல்கார அம்மா பூஜை முடிஞ்சு வந்தாங்க. ஆரோக்கியமேரி அவங்ககிட்ட முன்னாடியே சொல்லியிருந்தா போல, நீங்க இங்க இருக்கீங்கன்னு சொன்னாங்க."

பூரணி திரும்பி ஓடினாள். புடவையை வாரிப் பிடித்துக்கொண்டு ஓடினாள்.

ராட்டினம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது; ஜஹீதா இறங்காமல் அடுத்த சுற்றுக்கும் உட்கார்ந்துவிட்டாளாம். நிறுத்தச் சொன்னாள். இயக்குகிறவன் விசையை இழுத்தான். ஆனால் எல்லாரையும் ஒரே நேரத்தில் இறக்க முடியாது. ஒவ்வொரு தொட்டியாகத்தான் கீழே கொண்டுவர வேண்டும். ஒரு தொட்டி வந்தது. அதில் வேறு யாரோ. அடுத்த தொட்டியும் வேறு யாரோ. ஆறாவது தொட்டியில் ஜஹீதா வந்தாள். முக்காடு தோளில் கிடந்தது. சிரித்துக்கொண்டே இறங்கியவள் பூரணியின் முகத்தைப் பார்த்ததும் நின்றாள்.

"அப்பா வந்திருக்காரு" என்றாள் பூரணி.

அந்தப் பெண் உடனே முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். திட்டு விழப்போகிறது என்று பயந்த முகம். அந்தப் பயமே இருக்கட்டும், மற்றதை அவர் சொல்லட்டும் என்று ஒரு கணம் பூரணிக்குத் தோன்றியது. பிறகு அவள் தோளைப் பிடித்தாள்.

"உங்கம்மாவுக்கு ஒடம்பு சரியில்லம்மா. வேலூர்ல ஆபரேஷன் பண்றாங்க. உன்ன இட்டுக்கினு போக வந்திருக்காரு."

கடைசி மெயிலைப் பிடிக்கச் சென்ட்ரல் போய்ச் சேர நேரமில்லை. இருந்தது கம்பெனி பஸ் ஒன்றுதான். டிரைவர் கோதண்டராமன் பஸ்ஸின் பின்சீட்டில் படுத்திருந்தார்.

"விடியக்காலம் மூணு மணிக்கு எழுந்தவன்மா நான். கம்பெனில கேக்காம வண்டிய எடுத்தா நாளைக்கு எனக்குத்தான் பேஜார்" என்றார்.

"நான் கேட்டேன்னு சொல்லுங்க. எழுதித் தர்றேன்."

அவர் எழுந்து முகம் கழுவப் போனார்.

மற்ற பெண்கள் பஸ்ஸைச் சுற்றி வந்து நின்றுவிட்டார்கள். எல்லாரும் கிளம்பிவிடலாம் என்று சிலர் சொன்னார்கள். கமலவேணி மட்டும், "நாளைக்கு சுத்திப் பாக்கறது போய்டுமா?" என்று கேட்டுவிட்டு, கேட்டதற்காகத் தலையைக் குனிந்துகொண்டாள். பூரணி அவளைக் கோபிக்கவில்லை. குடில்களையும் பெண்களையும் ஆரோக்கியமேரியிடம் ஒப்படைத்தாள். உள்ளே தாழ் போட்டுக்கொண்டு படுங்கள், காலையில் பஸ்ஸோடு வருகிறேன் என்றாள். இருபத்தொரு பெண்களை ஊர் பேர் தெரியாத இடத்தில் விட்டுவிட்டுப் போகிறோம் என்பதை அவள் உணர்ந்தே இருந்தாள். ஆனால் பாஷாவையும் ஜஹீதாவையும் மட்டும் தனியே அனுப்பிவிட்டு, இங்கே உட்கார்ந்திருக்க அவளால் முடியாது.

ஐம்பது பேர் உட்காரும் பஸ்ஸில் நாலு பேர். தந்தையும் மகளும் நடு சீட்டில். பாஷா மகளை ஒரு வார்த்தை திட்டவில்லை. ஜஹீதாவுக்கு அது இன்னும் கஷ்டமாக இருந்திருக்க வேண்டும். பூந்தமல்லி தாண்டும் வரை அவள் அழுகை நிற்கவில்லை. பூரணி டிரைவருக்குப் பக்கத்தில் இஞ்சின் மூடியை ஒட்டி உட்கார்ந்தாள். ஸ்ரீபெரும்புதூர் தாண்டியதும் வண்டி ஒரு முறை சாலை ஓரத்துக்கு இழுத்தது. கோதண்டராமன் உடனே திருப்பிவிட்டார்.

"பேசிக்கினே வாங்கம்மா. கண்ணு இழுக்குது" என்றார்.

அவள் பேசினாள். அவருடைய பிள்ளைகளைப் பற்றிக் கேட்டாள். அவர் சொந்த ஊரான கலவையில் மழை எப்படி என்று கேட்டாள். தையல் மெஷின்களில் எது அடிக்கடி மக்கர் பண்ணும் என்று சொன்னாள். வாய் பேசிக்கொண்டிருக்க, மனம் வேறு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. ஆறரை வண்டியைப் பிடித்திருந்தால் பாஷா ஒன்பது மணிக்குக் காட்பாடியில் இறங்கியிருப்பார். ஒன்பதரைக்கு ஜஹீதா அம்மாவின் பக்கத்தில் இருந்திருப்பாள்.

காவேரிப்பாக்கத்தில் ஒரு டீக்கடை திறந்திருந்தது. ஏரிக்காற்று குளிர்ந்து வீசியது. டிரைவருக்கு டீ சொன்ன பாஷா, ஒரு கிளாஸைப் பூரணியிடமும் நீட்டினார். அவள் வாங்கிக்கொண்டு குடிக்காமல் நின்றாள்.

"பாய், தப்பு என்னுதுதான். பொண்ணுங்க கேட்டாங்கன்னு சொல்ல மாட்டேன். எனக்கும் ஆசை இருந்துச்சு. உங்ககிட்ட சொன்னா அனுப்ப மாட்டீங்கன்னுதான் சொல்லல."

"அனுப்பியிருக்க மாட்டேன்" என்றார் அவர். "வேண்டாம்னு சொல்றது என் பாத்தியதைம்மா. அதைக் கூட நீங்க என்னைச் சொல்லவிடல."

அதன்பிறகு வேலூர் வரை, டிரைவருக்காகப் பூரணி மட்டும் எதையாவது சொல்லிக்கொண்டே வந்தாள்.

ஒன்றரை மணிக்கு ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தார்கள். மாடி வராந்தாவில் மஹ்பூபியின் தங்கை ஜஹீருன்னிசா தரையில் உட்கார்ந்திருந்தாள். அவர்களைப் பார்த்ததும் எழுந்துவந்து ஜஹீதாவைக் கட்டிக்கொண்டாள். குடல்வால் வெடித்துவிட்டதாம். பத்து மணிக்கு உள்ளே கொண்டுபோய், இப்போதுதான் வெளியே கொண்டுவந்தார்களாம். உயிருக்கு ஆபத்து இல்லை என்று டாக்டர் சொன்னாராம்.

"உள்ள போறவரைக்கும் ஜஹீதா வந்துட்டாளா, ஜஹீதா வந்துட்டாளான்னுதான் கேட்டுக்கினு இருந்தா. வந்துக்கினே இருக்கான்னு நான் பொய் சொன்னேன்" என்றாள் ஜஹீருன்னிசா.

பூரணி சுவர் ஓரமாக நகர்ந்து நின்றாள். அந்தப் பொய்க்கு யாரும் கணக்குக் கேட்க மாட்டார்கள் என்று நினைத்தாள்.

கோதண்டராமன் ஆஸ்பத்திரி வாசலில் இரண்டு மணி நேரம் தூங்கி எழுந்தார். கிளம்பும்போது பாஷா படியிறங்கி வந்தார்.

"நான் யார்கிட்டயும் சொல்லப்போறதில்ல" என்றார். "மத்த வீட்ல சொல்றதா வேணாமான்னு நீங்க பாத்துக்குங்க."

எட்டு மணிக்குப் பஸ் பூங்காவுக்குத் திரும்பியபோது, இருபத்தொரு பெண்களும் குளித்து, பெட்டியைக் கட்டிக்கொண்டு குடில்களின் வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். இரவு முழுக்க யாரும் தூங்கவில்லை. மஹ்பூபி பிழைத்துக்கொண்டாள் என்றதும் ஆரோக்கியமேரி சிலுவை போட்டுக்கொண்டாள். கமலவேணிதான் முதலில் பஸ்ஸில் ஏறினாள்.

எல்லா வீட்டுக்கும் போய் உண்மையைச் சொல்லிவிடப்போவதாக வழியில் பூரணி சொன்னாள். பெண்கள் பதறினார்கள்.

"பாய்தான் சொல்ல மாட்டேன்னுட்டாரே. நீ எதுக்குக்கா வாயக் குடுக்கற? எங்கப்பா வேலையவே நிறுத்திடுவாரு" என்றாள் கமலவேணி.

"நிறுத்தலாம். ஆனா அடுத்த தபா உங்க வீட்லருந்து இப்படி ஒருத்தர் ஓடிவந்தா, அவரு எங்க போவாரு?"

திங்கள் முதல் வியாழன் வரை வேலை முடிந்ததும் அவள் வீடு வீடாகப் போனாள். சில வீடுகளில் உட்காரச் சொல்லிக் கேட்டார்கள். ஒரு வீட்டில் கேட்டு முடிக்கும் முன்னரே கதவைச் சாத்தினார்கள். குடியாத்தத்தில் லோகநாதன் தறியை நிறுத்தாமலே கேட்டார். முடிந்ததும், "எம்பொண்ணும் உங்கூடச் சேந்து பொய் சொல்லியிருக்கா. அத நீ சொல்லல பாரு" என்றார். கமலவேணியை ஒரு மாதம் வேலைக்கு அனுப்பவில்லை. வேறு இரண்டு பெண்கள் திரும்பி வரவேயில்லை. கம்பெனியில் பூரணிக்கு எழுத்து மூலம் எச்சரிக்கை கொடுத்தார்கள். சூப்பர்வைசர் வேலை தப்பியது.

மஹ்பூபி மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வீடு திரும்பினாள். ஜஹீதாவின் கல்யாணத்துக்குப் பூரணியை அழைத்தார்கள். பாஷா அவளை வாசலில் வரவேற்றார், சாப்பிடச் சொன்னார், அதற்கு மேல் பேசவில்லை.

அடுத்த பொங்கலுக்கும் கம்பெனி பஸ் கொடுத்தது. இந்த முறை பூரணி ஒரு தாளில் எல்லாவற்றையும் எழுதினாள். எங்கே போகிறோம், எங்கே தங்குகிறோம், இரவு எத்தனை மணி வரை வெளியே இருப்போம், அந்த இடத்தின் டெலிபோன் நம்பர் என்ன என்று. வீடுகளுக்கு அனுப்பிக் கையெழுத்து கேட்டாள். இருபது தாள்கள் போயின. கையெழுத்தோடு திரும்பி வந்தவை ஒன்பது. கமலவேணியின் தாள் வரவில்லை.

பஸ் புறப்படும் காலையில் கோதண்டராமன் காலி சீட்டுகளைத் திரும்பிப் பார்த்தார். பூரணி ஒன்பது பேரையும் முன்வரிசைகளுக்கு வரச் சொல்லிவிட்டு, வண்டியை எடுக்கச் சொன்னாள்.