கோட்டையின் மூஞ்சி

வலது கால வச்சு ஏறு புள்ள, என்றார் அவர், புதுப்பெண்ணை வாசலில் நிறுத்தி ஆரத்தி சுற்றிச் சொல்வார்களே அந்தக் குரலில், ஆனால் என் முன்னால் வாசற்படி இல்லை, படகின் விளிம்பு, பச்சைச் சாயம் உரிந்து அலைக்கு ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறது, சேலையை முழங்காலுக்குமேல் தூக்கிச் சொருகிக்கொண்டு நிற்கிறேன், காலைத் தூக்கவா வேண்டாமா, எங்கள் குப்பத்தில் எந்தப் பொம்பளையும் படகில் கால் வைத்ததில்லை, காயப்போட்ட வலையைக்கூடத் தாண்டமாட்டோம், பொம்பளை ஏறின படகில் மீன் ஏறாதாம், ஊர்ப் பஞ்சாயத்து நாட்டார் காதுக்குப் போனால் தொழிலுக்குப் போகவிடாமல் படகை மணலில் கவிழ்த்துப் போட்டுவிடுவார்கள், ஆனால் பிடித்த மீனைச் சுமந்து தெருத்தெருவாக விற்க மட்டும் பொம்பளைத் தலை வேண்டும், அதற்குத் தீட்டுக் கிடையாது, நல்லாருக்கு உங்க நியாயம். இப்படிப் பொரிவது என் குணம், என் வீட்டுக்காரர் உலகநாதன் அப்படியில்லை, பேச்சுக் குறைவு, அவர்தான் அன்றைக்கு முந்தின நாள் சோற்றைப் பிசைந்துகொண்டே தரங்கம்பாடிக் கோட்டையைக் கடல்ல இருந்து பாத்தா எப்படி இருக்கும் தெரியுமா என்று ஆரம்பித்தவர், தினம் கூடையோட போற ஊரு, எனக்கே படம் காட்டுறியா என்றேன், நீ பாத்தது முதுகு புள்ள, அதோட மூஞ்சி கடலப் பாத்துத்தான் இருக்கு என்றார், அப்ப காட்டு என்றேன், காட்டு என்று சொன்னவள் நான்தானே, பக்கத்துக் குப்பத்தில் தேர், ஊரே அங்கே போயிருக்கிறது, கரையில் ஈ காக்கை இல்லை, தூக்கு காலை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வைத்துவிட்டேன், படகு ஒரு பக்கம் சாய்ந்து பிறகு என்னை ஏற்றுக்கொண்டது.

கரை எங்களோடு கூடவே வந்தது, சவுக்குத் தோப்பு, பனைகள், பிறகு அதோ கோட்டை, வெயிலில் மஞ்சளாக, டேனிஷ்காரன் கட்டியதாம், எத்தனை மழை பார்த்ததோ, கப்பலுக்குக் காத்துக்கொண்டு உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருக்கிறது, அவர் சொன்னது நிஜம், இத்தனை வருஷம் நான் முதுகைத்தான் பார்த்திருக்கிறேன், அவர் இன்ஜினை நிறுத்தினார், சர்ச் மணிக்கூண்டு கோட்ட மூலைக்குப் பின்னாடி மறையுது பாரு, மறையிற இடத்துல நின்னுட்டோம்னா கீழ பாறை, மீன் அங்கதான் நிக்கும், மறந்துடாத என்றார், நான் எதுக்கு ஞாபகம் வச்சுக்கணும், நானா வல போடப்போறேன் என்று சிரித்தேன், அவர் சிரிக்கவில்லை. கரையேறி ஊருக்குள் நடந்தோம், பெரிய வாசல் வளைவுக்குக் கீழே போகும்போது என் கை தானாக உயர்ந்து தலைக்குப் போயிற்று, கூடையைப் பிடிக்க, கூடை இல்லை, அவர் பார்த்துவிட்டு அந்தக் கையைப் பிடித்து இறக்கித் தன் கையிலேயே வைத்துக்கொண்டார், கோட்டைக் காவல்காரர், என்னிடம் வாடிக்கையாக மீன் வாங்குகிறவர், என்னம்மா இன்னிக்கு மீன் இல்லயா என்றார், இன்னிக்கு நான் ஊரு பாக்க வந்தவ என்றேன், மிளகாய் பஜ்ஜி வாங்கித் தின்றோம், கோட்டைச் சுவரில் சாய்ந்துகொண்டு, எண்ணெய் விரலை அவர் தலையில் துடைத்தேன், அவ்வளவு சந்தோஷம் எனக்கு அப்புறம் வந்ததில்லை. மறுநாள் அவர் மணிக்கூண்டு மறைகிற அதே இடத்தில் வலை விட்டார், வவ்வால் மீன், படகு கொள்ளாமல், ஊரே கரையில் கூடிவிட்டது, எந்தச் சாமிய வேண்டிக்கிட்டே உலகநாதா என்றார்கள், அவர் என் பக்கம் திரும்பாமல் அம்மன் புண்ணியம் என்றார், அந்த மீன் காசில்தான் அம்மனுக்கு வெள்ளியில் கண்மலர் செய்து சாத்தினார்கள், இன்றைக்கும் அந்தக் கண்ணால்தான் அவள் எங்களைப் பார்க்கிறாள்.

அவருக்குத்தான் இப்போது கண் போய்விட்டது, சர்க்கரை, வெளிச்சமும் நிழலும் தெரியும், மணிக்கூண்டு தெரியாது, கையால் தடவியே வலையைப் பிரிப்பார், இன்ஜினின் சத்தத்திலேயே அதன் நோவைச் சொல்வார், ஆனால் கரையைப் பார்த்து இடம் சொல்ல ஓர் ஆள் வேண்டும், ஒரே மகள் திருப்பூரில் வாழ்கிறாள், கூட வந்த பங்காளிகள் சிங்கப்பூர் போய்விட்டார்கள், பஞ்சாயத்தில் நாட்டார் கலியபெருமாள் சொல்கிறார், படக வித்துட்டு ஒக்காரு உலகநாதா, குருடனுக்குக் கடல்ல என்ன வேல, அவர் தலையை ஆட்டுகிறார், சரி என்று ஆட்டுகிற தலை இல்லை அது, அறுந்து விழப்போகிற தலை, படகு போனால் இந்த மனுஷன் ஒரு மழைக்காலம் தாங்கமாட்டார், எனக்குத் தெரியும், பொம்பளைகள் நிற்கிற வேலியைத் தாண்டி நடுவில் போய் நான் கூடப் போறேன் என்றேன், சிரித்தார்கள், பொம்பள ஏறுனா ஊருக்கே மீன் படாதுடி என்றார் நாட்டார், நான் கேட்டேன், வவ்வா பட்டுதே, கண்மலர் சாத்துனீங்களே, அதுக்கு முந்தின நாள் அந்தப் படகுல தரங்கம்பாடி வரைக்கும் ஒக்காந்து போனது யாரு, நான்தான். நாட்டார் அவரைப் பார்த்து, பொய் சொல்றாளா உன் பொண்டாட்டி என்றார், ஆமா என்று ஒரு வார்த்தை சொன்னால் அவர் தப்பித்துவிடலாம், நான் மட்டும் மாட்டிக்கொள்வேன், அவர் எழுந்து நின்று, ஏத்துனது நான்தான் என்றார். கூடிப் பேசி முடிவு சொல்றோம், அதுவரைக்கும் படகத் தொடாத என்றார்கள், பேசட்டும், வேண்டிய மட்டும் பேசட்டும், அம்மனுக்குப் பிடிக்கவில்லை என்றால் அந்தக் கண்ணைக் கழற்றி எறிந்துவிட்டு அவள் சொல்லட்டும், இவர்கள் யார்.

விடிந்திருக்கிறது, முடிவு இன்னும் வரவில்லை, கரை முழுக்க ஆம்பளைகள் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள், படகைத் தள்ள ஒருத்தரும் வரவில்லை, நான் தோளைக் கொடுத்துத் தள்ளுகிறேன், அசையவில்லை, அப்போது தரங்கம்பாடி பஸ்ஸுக்குப் புறப்பட்ட செண்பகவல்லி, என்னோடு மீன் விற்கிறவள், கூடையை மணலில் வைத்துவிட்டு வந்து படகில் கை வைக்கிறாள், பின்னாலேயே இன்னும் ரெண்டு கூடைகள் இறங்குகின்றன, படகு மிதந்துவிட்டது, யோசிக்க நேரமில்லாமல் நான் ஏறிவிட்டேன், எந்தக் காலை வைத்தேன் என்று எனக்கே தெரியாது, பச்சைச் சாயம் பொட்டுக்கூட மிச்சமில்லாத விளிம்பை அவர் இடுப்பளவு தண்ணீரில் நின்று தடவுகிறார், அங்கே இங்கே என்று கை அலைகிறது, ஏறட்டுமா புள்ள, எல்லாரும் பாக்குறாங்களா என்கிறார், பாக்கட்டும், என்று அந்தக் கையைப் பிடித்து விளிம்பில் வைத்து அழுத்துகிறேன், மணிக்கூண்டு மறையிற இடம் எனக்கு மறக்கல, வலது கால வச்சு ஏறுய்யா.